மீன் முள்தானே என்று இருந்துவிடாதீர்கள்!

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர். சொந்த ஊர் நெல்லைப் பக்கம். மும்பையில் தனிக்கட்டை. ஒருநாள் இரவு, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதே என்று மெஸ்ஸில் மீன் குழம்புச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார். தொண்டையில் ஏதோ உறுத்தியது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார். உறுத்தல் நின்றது. அதை மறந்தும் போனார்.

ஐந்தாம் நாள் அடிவயிற்றில் வலது பக்கம் வலி. வாயுக் கோளாறு என்று சோடா குடித்தார். லீவும் கைவசம் இல்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். மறுநாள் காய்ச்சல் கொதித்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

குடல்வால் நோய் என்றே டாக்டர்கள் முதலில் நினைத்தார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்ததும் உண்மை தெரிந்தது. சிறுகுடலைத் துளைத்து நின்றது ஒரு மீன் முள்! ஆபரேஷன் நடந்தது, பிழைத்தார்.

உயிர் குடித்த குச்சி

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்வுட் ஆண்டர்சன் பிழைக்கவில்லை. 1941-ம் ஆண்டு தென் அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும்போது அவருக்கு வயிற்று வலி கண்டது. பனாமா நாட்டின் கோலோன் நகரில் மார்ச் 8-ந் தேதி இறந்தார். வயது 64. பிரேதப் பரிசோதனையில் அவர் வயிற்றில் இருந்தது, தெரியாமல் விழுங்கிய பல்குத்தும் குச்சி.

பயப்பட வேண்டுமா?

விழுங்கிய பொருள்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தானாகவே மலத்தோடு வெளியேறிவிடும். கூரான பொருள்தான் ஆபத்து. பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் குத்தி நிற்கும். குச்சி சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது. மீன் முள்ளும் பல சமயம் தெரியாது. ஆகவே, என்ன சாப்பிட்டோம் என்பதை டாக்டரிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

பல்செட் கட்டியவர்களுக்கு வாயில் முள் இருப்பது சரியாகத் தெரியாது. மது அருந்திவிட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கும் அப்படியே. குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு தைக்கும் தையல்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

முள் சிக்கினால் சோற்று உருண்டை, வாழைப்பழம் விழுங்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்காதீர்கள். பேதி மருந்தும் கூடாது. டாக்டரிடம் போங்கள். குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

டியூட்டிக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் ஒரு மெமோ வரும். அவ்வளவுதான். நிதானமாகச் சாப்பிடுங்கள்.

ஊரில் என்றால் அம்மாவோ மனைவியோ விசாரிப்பார்கள். இங்கே அறை நண்பர்தான் எல்லாம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தால், "இந்த வாரம் மீன் சாப்பிட்டீரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.