சர்க்கார் சேமிப்புப் பத்திரங்களும் வெள்ளாமைப் பணமும்

ஜேடர்பாளையத்து அணையினின்று பிரியும் ராஜா வாய்க்காலின் பாசனத்தில் கரும்பும் வாழையும் வெற்றிலையும் தென்னையும், வாய்க்கால் ஏறாத மேட்டு நிலங்களில் மரவள்ளியும் விளைகின்றன. இப்பயிர்களின் பணம் கைக்கு வரும் முறை ஒரே தன்மையானதன்று. வெற்றிலைக் கொடிக்கால் உடையவருக்குப் பறிப்புத்தோறும் சிறுகச் சிறுக வரும். கரும்பு, மரவள்ளி பயிரிடுவோருக்கோ பத்துப் பன்னிரண்டு மாதம் செலவே செய்துவிட்டு, பிறகு ஒரே தவணையில் பெருந்தொகை வரும். அவ்விதம் வந்த தொகை அடுத்த நடவு வரையில் எங்கே இருக்கிறது என்பதே குடும்பத்தின் நிலையைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

கொங்கு நாட்டுக் குடியானவர்கள் இதற்குக் கொடுத்த விலை சிறிதன்று. பெருந்துறைச் சுற்றுவட்டாரத்தில் ஈமுக்கோழி வளர்ப்பு என்ற பெயரால், குஞ்சுகளுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் ஆண்டு முடிவில் போனஸும் தருவதாகச் சொன்ன திட்டங்கள் 2012-ஆம் ஆண்டில் குலைந்து விழுந்தன. பணம் போட்டவர்களில் பலர் நிலமுள்ள விவசாயிகளே. முதலீட்டாளர்களைக் காப்பதற்கெனத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஆனால் அச்சட்டம் நிறுவனத்தின் சொத்தைப் பற்றிவைத்து விற்றுப் பங்கிடுவதற்கே வழி செய்கிறது; விற்பதற்குச் சொத்து இல்லாவிடில் பங்கிடுவதற்கும் ஒன்றுமில்லை. சர்க்கார் பத்திரத்தின் வட்டி குறைவு என்று குறைகூறுவோர், அதன் அசலுக்கு இந்திய சர்க்காரே பொறுப்பு என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பத்திரங்களைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு எச்சரிக்கை அவசியமாகின்றது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன்பட்டிருப்பவர் ஆண்டிற்கு 24 சதவீதம் செலுத்துகிறார். அவர் ஏழரை சதவீதத்திற்குப் பத்திரம் வாங்குவது, அடியில் ஓட்டையுள்ள சாலில் நீர் இறைப்பதை ஒக்கும். முதலில் கடனைத் தீர்க்கட்டும். கிணற்று மோட்டார் பழுதுபட்டுத் தென்னை வாடும்போதும் பத்திரத்தைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தவணை தவறாமல் கட்டுவோருக்கு வட்டிச் சலுகை உண்டாகையால், அதனை முன்கூட்டியே அடைப்பதில் பெரிய லாபமில்லை.

தபாலாபீஸ் பத்திரங்கள் இந்நாட்டிற்குப் புதியவையல்ல. முதல் உலக யுத்தத்தின் நடுவே 1917-இல் காஷ் சர்டிபிகேட்டுகளும், இரண்டாம் யுத்தத்தின்போது 1943-இல் பத்து ரூபாய் பன்னிரண்டு ஆண்டில் பதினைந்து ரூபாயாகும் தேசிய சேமிப்புப் பத்திரங்களும் வெளியிடப்பட்டன. விவசாயியின் பெயரையே தாங்கிய கிசான் விகாஸ் பத்திரம் 1-4-1988-இல் தொடங்கிற்று. அப்பொழுது அது ஐந்தரை ஆண்டில் இரட்டித்தது. எளிதில் கைமாறக்கூடியதாயிருந்தமையால் கணக்கில் வராத பணத்திற்கு அது புகலிடமாகலாம் என்று கருதப்பட்டு 2011-இல் நிறுத்தப்பட்டது. பின்னர் 2014 நவம்பரில் மீண்டும் வந்தது. அவ்வமயம் இரட்டிக்கும் காலம் 100 மாதம். 1-4-2023 முதல் வட்டி 7.5 சதவீதமாகவும் காலம் 115 மாதமாகவும் வைக்கப்பட்டன. வட்டி விகிதம் காலாண்டுதோறும் ஆராயப்படுவதாகையால் வாங்கும் நாளில் தபாலாபீஸில் கேட்டறிய வேண்டும். வாங்கிய நாளின் விகிதம் முதிர்வு வரையில் மாறாது.

ரூ. 1,000 முதல் எத்தொகைக்கும் இதனை வாங்கலாம், உச்சவரம்பு இல்லை. இரண்டரை ஆண்டு கழிந்த பின் முன்னதாக முடித்துக்கொள்ளவும் இடமுண்டு. அப்போது கிடைக்கும் தொகை குறைந்திருக்கும். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஈடாக வைக்கத் தக்கது என்பதே குடியானவருக்கு இதில் முக்கியமான அனுகூலம். விதைக்கும் உரத்திற்கும் பணம் முட்டும் மாதத்தில் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போவதற்குப் பதில் பத்திரம் போகலாம்.

ஐந்தாண்டுத் தேசிய சேமிப்புப் பத்திரத்திற்கு 1-4-2023 முதல் வட்டி 7.7 சதவீதம், அவ்விகிதத்தில் ரூ. 10,000 ஐந்தாண்டில் ரூ. 14,490 ஆகும். இதனையும் ஈடு வைக்கலாம். ஆனால் சாதாரணமாக இடையில் முடிக்க இயலாது.

மூன்றாவது, ரிசர்வ் வங்கி நிர்வகிக்கும் 2020-ஆம் ஆண்டின் மாறும் வட்டிப் பத்திரம். இது ஏழாண்டுக்குரியது, ஸ்டேட் வங்கி முதலிய வங்கிகளில் கிடைக்கும். தேசிய சேமிப்புப் பத்திரத்தின் விகிதத்தோடு 0.35 கூட்டி, ஆறு மாதத்திற்கொருமுறை விகிதம் நிர்ணயிக்கப்படுகிறது. 1-7-2023-இல் அது 8.05 சதவீதமாயிற்று, அதாவது லட்சத்திற்கு அரையாண்டுக்கு ரூ. 4,025. ஜனவரி முதல் தேதியும் ஜூலை முதல் தேதியும் வட்டி கைக்கு வருகிறது. நிலத்தைப் பிள்ளைகளிடம் ஒப்புவித்துவிட்ட முதியவருக்கு இது பொருந்தும். சாகுபடி செய்பவருக்குப் பொருந்தாது. ஏனெனில் இதன்பேரில் கடன் வாங்க முடியாது, முன்கூட்டி முடிக்கும் சலுகையும் அறுபது வயது கடந்தோருக்கே, அதுவும் சில ஆண்டுகள் சென்ற பின்னரே. கூட்டுக் குடும்பத்தின் பெயரில் இதை வாங்கலாம். தபாலாபீஸ் பத்திரங்களை அவ்விதம் வாங்க இயலாது, தனி நபர் பெயரிலேயே வாங்க வேண்டும்.

வருமான வரியைக் குறித்துத் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. விவசாய வருமானத்திற்கு மத்திய வரி இல்லை என்பது மெய். ஆயினும் கரும்பு விற்ற பணம் பத்திரமானவுடன் அதில் விளையும் வட்டி விவசாய வருமானமாகாது. அது வரிக்கணக்கில் சேரும். ரூ. 50,000-க்கு மேல் வாங்குவோர் நிரந்தரக் கணக்கு எண்ணைத் தர வேண்டும். தொகை பத்து லட்சத்தை எட்டினால் பணம் வந்த வழிக்கும் ஆதாரம் கேட்கப்படும். ஆலையின் பட்டுவாடா ரசீதுகளையும் மண்டி ரசீதுகளையும் பத்திரப்படுத்தியவருக்கு அதில் சிரமமில்லை.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. இக்காலத்தில் அச்சிட்ட பத்திரத்திற்குப் பதில் 2016 முதல் பாஸ் புஸ்தகமே தரப்படுகிறது. பெட்டியில் முத்திரைத்தாள் எதுவும் காணாமையால், வாங்கியவர் இறந்தபின் அப்படியொரு முதலீடு இருப்பதையே வீட்டார் அறியாமற்போகக்கூடும். வாரிசு விசாரணைக்குச் செல்லும்போது நிலம், வீடு ஆகியவற்றோடு தபாலாபீஸ் பாஸ் புஸ்தகம் உண்டா என்றும் கேட்பது நன்று. நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால், மரணச் சான்றும் உரிமை கோரும் படிவமும் கொண்டு அவர் தொகையைப் பெறலாம். பதிவாகாவிடில் வாரிசுச் சான்றும் பிற தஸ்தாவேஜுகளும் தேவைப்பட்டுக் காலம் நீளும். நியமனத்தை வாங்கும் நாளிலேயே எழுதலாம். பின்னர் மாற்றவும் தடையில்லை.