வன்னிக்குத் தீயணைப்பு வண்டி வந்த கதை

2016 செப்டெம்பர் 16ஆம் திகதி, வெள்ளிக்கிழமை இரவு, கிளிநொச்சிப் பொதுச் சந்தை தீப்பற்றி எரிந்தது. புடவைக் கடைகளும் பழக்கடைகளும் சாம்பராகின. அன்று அம்மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு வண்டிதானும் இருக்கவில்லை. அறுபது கிலோமீற்றருக்கு அப்பால், யாழ்ப்பாணத்திலிருந்து மாநகர சபையின் வண்டி வரவேண்டியிருந்தது. தகரக் கூரையின் கீழ் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் கடைகளில், அதுவும் கச்சான் காற்றுக் காலத்தில், தீ பரவுவதற்கு நிமிடங்களே போதும். ஏ-9 வீதியில் எவ்வளவு விரைந்து வந்தாலும் ஒரு மணித்தியாலம் செல்லும்.

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்பதை அறிய, தீயணைப்புச் சேவையின் பூர்வீகத்தைச் சற்று நோக்க வேண்டும். இலண்டனில் 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின்னர் காப்புறுதிக் கம்பனிகளே தீயணைப்புப் படைகளை வைத்திருந்தன. 1861இல் தூலி வீதிக் களஞ்சியங்கள் எரிந்து அக்கம்பனிகள் பெருநட்டமடைந்தன. அதன் பின்னர், 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அப்பொறுப்பு பொது நிர்வாகத்திடம் சென்றது. கொழும்பு மாநகர சபைக்கு வழிவகுத்த கட்டளைச் சட்டமும் அதே 1865ஆம் ஆண்டிற்குரியதே.

ஆக, நம் நாட்டில் தீயணைப்பு நகரத்தோடு பிறந்த சேவை. உள்ளூராட்சி மன்றத்தின் வருமானத்தில் தங்கியிருக்கும் சேவை. மாநகர சபை உள்ள இடத்தில் வண்டி நின்றது. வன்னியிலோ வவுனியாவுக்கு நகர சபை இருந்தது. அதுவே இன்று மாநகர சபையாகியுள்ளது. கிளிநொச்சியின் மூன்று மன்றங்களும் முல்லைத்தீவின் நான்கு மன்றங்களும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பிரதேச சபைகளே. குளமும் வயலும் காடுமாகக் கிடந்த நிலத்தில், வீட்டுக்கூரையில் தீப்பிடித்தால் அயலவர் கிணற்றில் அள்ளி ஊற்றினர். பக்கத்துக் கூரையின் கிடுகைப் பிரித்தெறிந்தனர். கிராமத்திற்கு அது போதுமானதாயிருந்திருக்கலாம். சந்தைக்கு அது போதாது.

யுத்தம் வேறு குறுக்கிட்டது. வண்டி இருந்தாலும் அதற்கு நீர் வேண்டுமல்லவா? 2009 ஜனவரியில் கிளிநொச்சி கைமாறிய வேளை, நகரின் பெரிய நீர்த்தாங்கி தரையில் வீழ்ந்து கிடந்தது. பின்னர் தெற்கிலிருந்து வந்தோர் அதனருகே நின்று படம் பிடித்துச் சென்றனர்.

சந்தை எரிந்த பின்னரே கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு உருவாயிற்று. 1865இல் இலண்டனில் நடந்ததும் இதுவே. ஆயினும் அங்கு நட்டமடைந்தவை கம்பனிகள், இங்கு நட்டமடைந்தோர் மீள்குடியேறிக் கடன்பட்டுக் கடை வைத்தவர்கள். வண்டி கிடைப்பது பாதி வேலைதான் என்பதையும் நாம் கூறவேண்டும். இரவும் பகலும் முறை மாறி நிற்கப் பயிற்றப்பட்ட ஆட்கள் வேண்டும். அதற்கு ஆளணி அனுமதியும் மாதாந்தச் சம்பளமும் வேண்டும். சந்தை வரியையும் கடை வாடகையையும் நம்பியிருக்கும் ஒரு பிரதேச சபைக்கு இது இலேசான சுமையன்று.

பரந்தனிலிருந்து ஏ-35 வீதி வழியாக முல்லைத்தீவு நகர் ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களும், 2009இன் பின்னர் மீண்ட தமிழ்க் குடும்பங்களும் அவ்வீதியோரத்திலும் அதற்கப்பாலும் மீண்டும் கடை திறந்திருக்கின்றன. அவர்களுடைய சந்தைகளுக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்ற கணக்கை மாகாண சபை நிர்வாகமும் பிரதேச சபைகளும் இப்போதே போட்டுப் பார்க்கட்டும்.