இணையம் நின்றால் எங்கே தேடுவது?

‘இணையம் போய்விட்டது!’ என்ற குரல் எழுந்ததும், பலர் வீட்டில் உள்ள எல்லா வடங்களையும் பிடுங்கி மீண்டும் செருகுவார்கள். சில வேளைகளில் அது பலிக்கும். ஆனால், எதனால் பலித்தது என்று கேட்டால் பதில் இராது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, இணையம் நின்றால் பாடமும் நின்றது. இன்றும் வீட்டுப்பாடம், குழுப்பணி, தேர்வுப் பயிற்சி எனப் பலவும் இணையத்தை நம்பியுள்ளன. ஆகவே, பழுதைக் கண்டறியும் முறையை மாணவர்களாகிய நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

தமிழ்ப்பள்ளியில் படித்த ‘மாறி’ நினைவிருக்கிறதா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். இங்கும் அதே விதிதான்.

தகவல் வரும் வழியை மூன்றாகப் பிரிப்போம். ஒன்று, தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் கண்ணாடி இழை. இரண்டு, இழை வந்து சேரும் சிறு பெட்டியும் ரவுட்டர் எனப்படும் திசைவியும். மூன்று, திசைவிக்கும் கைப்பேசிக்கும் இடையிலுள்ள காற்றுவெளி. பழுது இந்த மூன்றில் எங்கே என்பதுதான் கேள்வி.

முதல் படி: யாருக்கு இல்லை?

உங்கள் கைப்பேசியில் மட்டும் இணையம் இல்லை, அக்காவின் மடிக்கணினியில் வருகிறது என்றால் திசைவியைத் தொடாதீர்கள். உங்கள் கைப்பேசியில் வைஃபையை அணைத்து மீண்டும் போடுங்கள்.

ஒரு செயலி மட்டும் இயங்காவிட்டால், பழுது உங்கள் வீட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி, மலேசிய நேரப்படி நள்ளிரவு நெருங்கும் வேளையில், வாட்ஸ்அப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. அந்நிறுவனத்தின் பெரிய திசைவிகளில் செய்யப்பட்ட அமைப்பு மாற்றமே காரணம். அன்றிரவு வீட்டுத் திசைவியை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

இரண்டாம் படி: விளக்குகளைப் பாருங்கள்

மலேசியாவில் 2010 மார்ச்சில் யூனிஃபை சேவை தொடங்கியது முதல், கண்ணாடி இழை கிள்ளான் பள்ளத்தாக்கின் பல வீடுகளுக்கு வந்துவிட்டது. இழை வந்து சேரும் பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஒளி அந்தப் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று பொருள்.

படிவம் 4 இயற்பியலில் வரும் முழு அக எதிரொளிப்புதான் இழைக்குள் ஒளியைக் கொண்டுவருகிறது. இழையை அதிகமாக வளைத்தால் படுகோணம் மாறுநிலைக் கோணத்தைவிடக் குறைந்து, ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே, இழை மேசைக் காலடியில் நசுங்கியுள்ளதா, கூர்மையாக மடங்கியுள்ளதா எனப் பாருங்கள். அதைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே கொண்டு செல்லவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி. விளக்கு தொடர்ந்து சிவப்பாகவே இருந்தால், சேவை நிறுவனத்தை அழைப்பதே வழி.

மூன்றாம் படி: அணைத்துப் போடுதல்

சிவப்பு விளக்கு இல்லை, ஆனாலும் எந்தக் கருவியிலும் இணையம் இல்லை. இப்போது பெட்டியையும் திசைவியையும் அணைத்து அரை நிமிடம் காத்திருங்கள். முதலில் பெட்டியைப் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு திசைவியைப் போடுங்கள்.

திசைவியும் ஒரு சிறு கணினிதான். எந்தக் கருவிக்கு எந்தத் தகவல் என்ற பட்டியலை அது தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது. நாள்கணக்கில் ஓடும்போது அங்கே பிழைகள் சேரலாம். அணைத்ததும் அந்த நினைவகம் காலியாகிப் புதிதாகத் தொடங்கும்.

ஓர் எச்சரிக்கை. திசைவியின் பின்புறத்தில் ஊசியால் அழுத்தும் ‘ரீசெட்’ துளை இருக்கும். அதை அழுத்தக்கூடாது. சேவை நிறுவனம் பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துபோகக்கூடும்.

நான்காம் படி: காற்றுவெளியைச் சோதியுங்கள்

இணையம் வருகிறது, ஆனால் ஆமை வேகம். மடிக்கணினியைத் திசைவியுடன் வடத்தால் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். வடத்தில் வேகம் நன்றாக இருந்தால் சிக்கல் காற்றுவெளியில்தான்.

வைஃபை பெரும்பாலும் இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அது சுவரை ஓரளவு நன்றாகவே கடக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 6 சென்டிமீட்டர். அதிக வேகம் தரும், ஆனால் சுவரில் விரைவில் வலுவிழக்கும்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கைப்பேசியைத் திறந்தால் அண்டை வீட்டார் வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. அங்கே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவது நல்லது. கிள்ளானில் உள்ள நீண்ட வரிசை வீட்டில் சிக்கல் வேறு: முன்கூடத்துத் திசைவியின் அலை பல செங்கல் சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்குப் போக வேண்டும். அங்கே திசைவியை வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு மாற்றினால் பலன் தெரியும். மீன்தொட்டி, இரும்பு அலமாரி, மைக்ரோவேவ் அடுப்பு ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டாம்.

வேகத்தைப் படிக்கும்போது அலகைக் கவனியுங்கள். 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே. 8 பிட் சேர்ந்ததே ஒரு பைட்.

செய்து பாருங்கள்

திசைவியிலிருந்து 1, 5, 10 மீட்டர் தூரத்தில், ஒரே கைப்பேசியால், ஒரே அலைவரிசையில், ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை வேகத்தை அளந்து சராசரி காணுங்கள். பிறகு இடையில் ஒரு சுவர் இருக்கும்படி அதே தூரங்களில் அளந்து அட்டவணையிடுங்கள். தேதி, நேரம், விளக்கின் நிறம், வடத்தில் கிடைத்த வேகம் ஆகியவற்றையும் குறித்து வையுங்கள். சேவை நிறுவனத்தை அழைக்கும்போது ‘இணையம் மெதுவாக இருக்கிறது’ என்பதைவிட இந்தக் குறிப்பு பழுதை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும்.