பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் உடனே ஏன் தெரிவதில்லை?

“பிரஷர் நார்மல்னு சொன்னாங்க, மாத்திரைய நிறுத்திப்போட்டனுங்க. ரெண்டு நாளா ஒண்ணும் ஆகலீங்க.” மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குகிறவர் இப்படிச் சொன்னால், ஏமாற்றுவது அந்த இரண்டு நாள்தான். பிரஷர் மாத்திரையான அம்லோடிபின், ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துகிறது. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். மிச்சம் இருக்கும் மருந்து தீரத் தீர, அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். நார்மல் என்று வந்ததே மாத்திரையால்தான்.

இடுப்புவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக்கும் அழுத்தத்தை ஏற்றும். அதைச் சாப்பிட்டால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வலி மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லப் பலருக்கும் தோன்றுவதில்லை. என் பெரிய கவலை அதுதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை தருகிறது. ஆனாலும் மாத்திரையை நிறுத்தத் தோன்ற இன்னொரு காரணம் உண்டு: அம்லோடிபினால் கால் வீங்கக்கூடும். வீங்கினால் நீங்களாக நிறுத்தாமல், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டரிடம் காட்டுங்கள். மாற்று மருந்து இருக்கிறது.