மூடிய முஸ்ஹபும் என் மகளின் கேள்வியும்

கடந்த வருடப் பெருநாள் கழிந்து நான்காம் நாள். வந்து போன உறவினர்களின் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிவிட்டு, அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முஸல்லாவின் அருகில் ஒரு மாதமாக விரிந்து கிடந்த றைஹாலை மடித்து, குர்ஆனைப் பட்டுத்துணியில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் ஒன்பது வயது மகள் கேட்டாள்.

"உம்மா, குர்ஆன் இனி அடுத்த நோன்புக்குத்தானா?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. பெருநாள் உடுப்பைக் கழுவி மடித்து வைப்பது போல இதுவும் ஒரு வழக்கம் என்றே அவள் விளங்கியிருக்கிறாள். அப்படி விளங்க வைத்தது யார்? நான்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்புச் சகோதரிகளே! இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல என்றே நினைக்கிறேன். றமழானில் ஸஹருக்கு எழும்பி, கஞ்சியும் சமைத்து, தறாவீஹும் தொழுது, குர்ஆனையும் ஓதி முடித்த அதே பெண், ஷவ்வாலில் ஸுபஹுக்கு எழும்பவே சோர்ந்து போகிறாள். றமழானின் றப்புத்தான் ஷவ்வாலுக்கும் றப்பு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் தளர்ந்து போகிறோம்?

நூல் நூற்ற பெண்

அல்குர்ஆனில் ஸூரதுந் நஹ்லின் 92ஆவது வசனத்தில் அல்லாஹ் ஓர் உவமை கூறுகிறான். உறுதியாக நூல் நூற்றுவிட்டு, பின் தானே அதைப் பிரித்துத் துண்டு துண்டாக்கிய ஒரு பெண்ணைப் போல் ஆகிவிட வேண்டாம் என்று எச்சரிக்கிறான். அவ்வசனம் உடன்படிக்கைகளை முறிப்பதைப் பற்றியது. என்றாலும் முப்பது நாள் பாடுபட்டு நூற்றதை ஒரு வாரத்தில் பிரித்துவிடும் எனக்கும் அதில் பாடம் இருக்கிறது.

அதேவேளை, றமழானில் இருந்த நிலையிலேயே வருடம் முழுவதும் இருக்க வேண்டும் என்றும் மார்க்கம் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. நபி (ஸல்) அவர்களின் எழுத்தாளர்களில் ஒருவரான ஹன்ழலா (றழி) அவர்கள், தான் நயவஞ்சகனாகிவிட்டதாகப் பயந்து அழுதார்கள். நபியவர்களின் சபையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் தெரிவது போலிருக்கிறது, வீட்டுக்குப் போய் மனைவி மக்களுடன் கலந்ததும் பலவற்றை மறந்து விடுகிறோம் என்று முறையிட்டார்கள். அபூபக்கர் (றழி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்றார்கள். அதே நிலையில் நீடித்தால் மலக்குகளே உங்களுடன் கைகுலுக்குவார்கள், ஆனால் மனிதனுக்கு ஒரு நேரம் இப்படி, ஒரு நேரம் அப்படி என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். (முஸ்லிம்)

ஆகவே சற்றுக் குறைவது இயல்பு. முற்றாக விட்டுவிடுவதுதான் ஆபத்து.

சிறிதானாலும் தொடர்ந்து

அடுத்த நாள் நான் செய்த பிழை, எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தொடங்கியது. தினமும் ஒரு ஜுஸ்உ, தஹஜ்ஜுத், ளுஹா எல்லாம் செய்வதாகத் தீர்மானித்தேன். ஐந்தாம் நாளே களைத்துப் போனேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். அப்போதுதான் மத்ரஸாவில் படித்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது.

ஒருமுறை பள்ளிவாசலின் இரு தூண்களுக்கிடையில் ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதை நபியவர்கள் கண்டார்கள். ஸைனப் (றழி) அவர்கள் இரவில் தொழுது களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடும்படியும், உற்சாகம் இருக்கும்வரை தொழுது, களைத்தால் உட்கார்ந்துவிடும்படியும் நபியவர்கள் பணித்தார்கள். (புகாரி, முஸ்லிம்) அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான அமல், குறைவாக இருந்தாலும் விடாது செய்யப்படுவதே என்பதை அறிவித்தவரும் ஒரு பெண்தான், நம் தாய் ஆயிஷா (றழி) அவர்கள்.

எனவே கணக்கை மாற்றினேன். மதீனாவில் அச்சாகும் முஸ்ஹபில் 604 பக்கங்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் ஓதினால் 302 நாட்களில் முடியும். ஹிஜ்ரி வருடத்துக்கு ஏறத்தாழ 354 நாட்கள். ஓத முடியாத நாட்களைக் கழித்தாலும் அடுத்த றமழானை ஒட்டி ஒரு கத்தம் முடிந்துவிடும். ஸுபஹ் தொழுததும் அடுப்பு மூட்டுமுன் இரண்டு பக்கம், பத்து நிமிடம்கூடப் போகாது. குர்ஆனை அலுமாரியிலிருந்து இறக்கி, கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.

பெண்களுக்கு மட்டும் உள்ள ஒரு தடை

நம் அமல்களின் சங்கிலி பெரும்பாலும் அறுந்து போவது மாதவிடாய் நாட்களில்தான். தொழுகை இல்லை என்றதும் திக்ரும் துஆவும்கூட நின்று விடுகின்றன. குளித்துச் சுத்தமான பிறகும் பழைய ஒழுங்குக்கு மனம் திரும்புவதில்லை. திக்ர், துஆ, ஸலவாத் எதற்கும் அந்நாட்களில் தடையில்லை. நான் அந்நாட்களிலும் ஸுபஹுடைய நேரத்தில் அதே இடத்தில் உட்கார்ந்து காலை திக்ர்களை ஓதுகிறேன். இடமும் நேரமும் மாறாததால் திரும்பி வருவது எனக்கு இலகுவாகிறது.

திரிகை சுழற்றிக் கைகள் புண்ணான பாத்திமா (றழி) அவர்கள் பணியாள் கேட்டு வந்தபோது, படுக்கைக்குப் போகும்முன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 தடவைகள் சொல்வது பணியாளைவிடச் சிறந்தது என நபியவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். (புகாரி, முஸ்லிம்) வீட்டு வேலையில் களைத்த பெண்ணுக்குக் கிடைத்த பரிசு இது. நாம்தான் அதை எடுத்துக்கொள்வதில்லை.

தீராத கடன்

மகளின் கேள்வி இன்னொரு மூடிய பெட்டியையும் திறந்துவிட்டது. களா நோன்புகள்! பழைய கலண்டர்களைத் தேடியெடுத்து எண்ணினேன். மூன்று றமழான்களில் விடுபட்டவை 23. நாளைக்குப் பிடிப்போம் என்று சொல்லிச் சொல்லியே சேர்ந்துவிட்டன. ஷவ்வால் ஆறு நோன்பைப் பற்றி உற்சாகமாகப் பேசும் நான், பர்ளான கடனை மறந்திருந்தேன்.

றமழானுடன் ஷவ்வாலில் ஆறு நோன்பையும் நோற்றால் வருடம் முழுதும் நோற்ற நன்மை என அபூ அய்யூப் (றழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். (முஸ்லிம்) ஒரு நன்மைக்குப் பத்து என்றால் முப்பதும் ஆறும் சேர்ந்து 360 ஆகிறது. களாவுக்கு முன் இந்த ஆறையும் நோற்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் கடனையே முற்படுத்தினேன். நபி (ஸல்) அவர்கள் விரும்பி நோற்ற திங்கட்கிழமைகளைத் தெரிவு செய்தேன். சில வாரங்கள் விடுபட்டாலும் நோன்பு தொடர்ந்தது. ஆயிஷா (றழி) அவர்கள் தமக்கு விடுபட்ட நோன்புகளை ஷஃபானில்தான் நோற்க முடிந்ததாகக் கூறியிருப்பது எனக்குத் தைரியம் தந்தது. ஷஃபான் பிறந்தபோது என்னிடம் மிச்சமிருந்தவை நான்கு. அவற்றை அடுத்தடுத்து நோற்று முடித்த அன்று, மஃரிபில் ஈத்தம்பழத்தை வாயில் வைக்கும்போது அழுகை வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

எனது தஹஜ்ஜுத் இன்னும் ஒழுங்காகவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் எழும்புகிறேன், மற்ற நாட்களில் வித்ரைத் தொழுதுவிட்டே படுக்கிறேன். ஆனால் அந்த இரண்டு பக்கங்கள் நிற்கவில்லை.

இவ்வருடப் பெருநாள் கழிந்து சில நாட்களில் மகளும் வுழூச் செய்துவிட்டு வந்து என்னருகே அமர்ந்தாள். "உம்மா, எனக்கு அரைப் பக்கம் போதும்" என்றாள். அரைப் பக்கமே போதும் மகளே, நாளைக்கும் வந்துவிடு என்றேன்.

சகோதரிகளே! இப்பக்கத்தை மூடுமுன் உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டை ஒருமுறை பாருங்கள். பழைய கலண்டரையும் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு சிறு அமலைத் தெரிவு செய்து, அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். றமழானில் நம்மிடமிருந்து ஏற்றுக்கொண்டதை அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக! அவனைச் சந்திக்கும் நாள்வரை அவனை வணங்கும் பெண்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் ஆக்குவானாக! ஆமீன்.