ஆரூடம் பொய்த்த ஆட்டங்கள்

மேல்பட்டாம்பாக்கம்: 2018 பிப்ரவரியில் ஒடிசாவின் கட்டாக் நகரில் தேசிய சீனியர் மகளிர் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம். கோப்பை எந்த மாநிலத்துக்குப் போகும் என்று கேட்டிருந்தால் விவரம் தெரிந்த யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எதிரே நின்றது மணிப்பூர். 1990களின் தொடக்கத்தில் இந்தப் போட்டி ஆரம்பித்ததிலிருந்து பெரும்பாலான ஆண்டுகளில் பட்டத்தைத் தூக்கிச் சென்ற மாநிலம் அது. முந்தைய ஆண்டின் சாம்பியனும் அதுதான். தமிழ்நாடு அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 2–1. வென்றது தமிழ்நாடு.

அடுத்த ஆண்டு மே மாதம் லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம். மதுரையை மையமாகக் கொண்ட சேது எப்.சி. அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வீழ்த்தியது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் மீண்டும் தேசிய இறுதி; இம்முறை அரியானாவை 2–1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையாகப் பட்டம் பெற்றது. ஐந்தரை ஆண்டுக்குள் மூன்று கோப்பைகள். ஆண்கள் கிரிக்கெட்டில் இது நடந்திருந்தால் ஒவ்வொரு வீராங்கனையின் முகமும் நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் வந்திருக்கும்.

இந்த வெற்றிகளில் கடலூர் மாவட்டத்தின் கால் இருக்கிறது என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரியாது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். விளையாட்டின் வழியாகவே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். 2020 ஊரடங்கில் பந்தை ஓரம் வைத்துவிட்டுச் சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார். இன்னொருவர் சந்தியா ரங்கநாதன். பண்ருட்டிக்காரர். மேல்பட்டாம்பாக்கத்தில் ரயில் ஏறினால் அடுத்து வரும் ஊர். அரசு விடுதியில் தங்கிப் படித்து, அங்கிருந்து சேது அணிக்கும் இந்திய அணிக்கும் போனவர்.

இவர்களுக்கு முன்னால் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று கடலூர்க் கரையை வாரிக்கொண்டு போனபின், பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகள் காப்பகங்களில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னவர் பயிற்சியாளர் மாரியப்பன். கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்விக் கழகம் என்று அது வளர்ந்தது. அன்று அந்தக் காப்பக வாசலில் நின்று, இந்தப் பிள்ளைகளில் இருந்து தேசிய அணிக்கு ஆள் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

கணிப்பு என்பது ஒரு விசித்திரமான தொழில். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனியில் ஒரு தொட்டிக்குள் இருந்த பால் என்ற ஆக்டோபஸ் எட்டு ஆட்டங்களைச் சொல்லி எட்டையும் சரியாகச் சொன்னது. அதே உலகம்தான் 2015–16 பருவத்தின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி பட்டம் வெல்ல 5000-க்கு 1 என்று பந்தயம் வைத்தது, லெஸ்டர் வென்றது. 2022-ல் சவுதி அரேபியாவிடம் 2–1 என்று தோற்ற அர்ஜென்டினாவை முதல் நாளே மூட்டை கட்டி அனுப்பிய டீக்கடைப் பண்டிதர்கள், டிசம்பர் 18 இரவு அதே அர்ஜென்டினாவுக்காக விசிலடித்தார்கள். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை வென்றதும் 2–1 கணக்கில்தான். ஏனோ, ஆரூடத்தைக் கவிழ்க்கும் ஆட்டங்களுக்கு இந்த 2–1 பிடித்துப் போய்விட்டது.

நம் மாநிலத்திலேயே ஆண்கள் பக்கம் ஓர் உதாரணம் உண்டு. சென்னை சிட்டி எப்.சி. 2017–18 ஐ-லீகில் கீழே இறங்காமல் தப்பியதே பெரிய காரியம். அடுத்த பருவத்தில், 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று 43 புள்ளிகளோடு சாம்பியன் ஆனது; ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி. அந்த கிளப் இன்று முன்னணி லீக் எதிலும் இல்லை என்பது வேறு வருத்தம்.

இவையெல்லாம் விளையாட்டுக் கணிப்புகள். தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். இன்னொரு கணிப்பு இருக்கிறது. காலனியில் ஒரு பிள்ளை பிறந்தவுடன் ஊர் சொல்லும் ஆரூடம் அது. ஆணென்றால் கரும்பு வெட்டு, செங்கல் சூளை, கொஞ்சம் படித்தால் திருப்பூர். பெண்ணென்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகை, பிறகு கல்யாணம். பண்ருட்டி வட்டாரத்தில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தோட்டின் எண்ணெய் தோலை எப்படிக் கருக்கிவிடுகிறது என்று. அந்த ஆரூடம் பெரும்பாலும் பலிக்கிறது. சொன்னவர்கள் ஞானிகள் என்பதால் அல்ல. அது பலிக்கும்படி திடலையும், பள்ளியையும், பேருந்து நேரத்தையும், கூலியையும் ஒழுங்கு செய்து வைத்திருப்பதால்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்துமதி, சந்தியா, அவர்களோடு ஆடியவர்கள் என்ன சாதி என்று நாம் விசாரிக்கவில்லை. இந்தப் பகுதியைப் படித்துவிட்டு யாராவது கைப்பேசியில் தேடப் போனால், அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் பி.வி.சிந்து வெள்ளி வென்றபோது இணையத்தில் ஏராளமானோர் தேடியது அவர் ஆட்டத்தை அல்ல, சாதியை. 2021 டோக்கியோவில் ஹாக்கி வீராங்கனை வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றதும், அரித்துவார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். அணியில் தலித்துகள் அதிகம், அதனால் தோற்றதாம். நாடு தோற்றதற்கு வெடி போட்டவர்களுக்குத் தங்கள் கணிப்பு பலித்த மகிழ்ச்சி.

இது புதிதும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன் பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர் 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேல் விக்கெட் எடுத்தார். புனேயில் அவர் பந்தை வாங்கிக்கொண்டவர்கள், தேநீரை மட்டும் வெளியே நிற்க வைத்து மண் குவளையில் கொடுத்தார்கள். கிரிக்கெட்டில் அப்படித் தள்ளி நிற்க இடம் உண்டு. கால்பந்திலும் கபடியிலும் அது முடியாது. தோளோடு தோள் மோதாமல் பந்தைப் பறிக்க முடியாது. வடசென்னை வியாசர்பாடியில் சந்துகளுக்கு நடுவே கால்பந்து வேரூன்றி, அங்கிருந்து நந்தகுமார் சேகர் இந்திய அணி வரை போனதற்கு, ஒரு பந்து போதும் என்ற எளிமையும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு பந்து போதும் என்பது பாதி உண்மைதான். திடல் வேண்டும். நெய்வேலி நகரியத்தில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது, வட்டத்துக்கு வட்டம் மைதானம் இருக்கிறது. கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. இடையில் இருக்கும் நம் ஊர்களில் அறுவடை முடிந்த வயலும் ஏரிக்கரையும்தான். பெரும்பாலும் திடல் ஊர்ப் பக்கம், காலனி சாலைக்கு அந்தப் பக்கம். இரு பக்கமும் சேர்ந்து ஆடும் இடங்களிலும், பந்து முள்ளில் விழுந்தால் எடுத்துவர அனுப்பப்படுகிறவன் யார், கோடு போடச் சுண்ணாம்பு சுமப்பவன் யார், கோப்பையை வாங்கப் போகிறவன் யார் என்று கவனித்தால் சில சங்கதிகள் விளங்கும். பெண் பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். பயிற்சி முடிய இருட்டிவிடும், பேருந்து வராது, அரைக்கால் சட்டையைப் பார்த்துத் தெருவே பேசும். காலனிப் பெண் என்றால் பேச்சோடு நிற்பதும் இல்லை.

நாங்குநேரியில் மாணவன் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறு கூடாது என்றது. கயிறு கட்டிய கையால் பந்தை எறிந்தால் அது எந்தக் கைக்குப் போகும் என்று மாணவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும் சிலவற்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆண்டுதோறும் விளையாட்டு விடுதிகளுக்கு மாணவ, மாணவியரைத் தேர்வு செய்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில் பள்ளி, கல்லூரிப் பிரிவுகள் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. தலித் ஒருவரைப் பொதுவளத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். புறம்போக்குத் திடலில் ஆடப்போகும் பிள்ளையை விரட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இன்னொன்று. 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் 33 வகை விளையாட்டுக்கான பொருட்கள் என்று அறிவிக்கப்பட்டது. மேல்பட்டாம்பாக்கம் பேரூராட்சி, சுற்றியுள்ள ஊர்கள் கிராம ஊராட்சிகள். அந்தப் பெட்டி உங்கள் ஊராட்சிக்கு வந்திருக்கிறதா, எந்த அறையில் இருக்கிறது, சாவி யாரிடம், காலனிப் பெண் பிள்ளைகள் கடைசியாக அதிலிருந்து பந்தை எடுத்தது எப்போது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாட்களில் கிராம சபை கூடுகிறது. இந்தக் கேள்வியை அங்கே கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.