இருதய வால்வில் கிருமி: ஊசிக்குப் பதில் மாத்திரை போதுமா?

இருதய வால்வில் கிருமி தொற்றிவிட்டால் ஆறு வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கைதான் என்பது வைத்திய உலகில் நெடுங்கால விதி. பகலும் இரவும் மணிக்கணக்குப் பார்த்து நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். நாலு வாரத்துக்குக் குறைந்து யாரையும் வீட்டுக்கு அனுப்புவது அபூர்வம்.

அந்த விதி இப்போது தளர்ந்து வருகிறது. வியாதி அடங்கிய பிறகு, சிலருக்கு மட்டும் ஊசியை நிறுத்திவிட்டு, பாக்கி நாட்களுக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று டென்மார்க் நாட்டு டாக்டர்கள் சோதனை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தினக்கூலிக்காரருக்கும் லீவு தீர்ந்துபோன குமாஸ்தாவுக்கும் இது நல்ல சேதி. ஆனால் "மாத்திரையே போதுமாம்" என்ற ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே விவரமாகப் பார்ப்போம்.

என்ன வியாதி இது?

நம் இருதயத்தில் நான்கு வால்வுகள் உண்டு. ரத்தத்தை முன்னே விடும். பின்னே திரும்ப விடாது. நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இவை திறந்து மூடுகின்றன.

நல்ல வால்வில் கிருமி அவ்வளவு சுலபமாக ஒட்டாது. பழுதுபட்ட வால்வில் ஒட்டும். நம் நாட்டில் வால்வு பழுதாக ஒரு பெரிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் தொண்டைப் புண் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். மூட்டு வலி போய்விடும். வால்வில் விழுந்த வடு போகாது. இருபத்தொரு நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்த வடு மேலும் பெரிதாகாமல் இருக்கத்தான் அந்த ஊசி. செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கும், பிறவியிலேயே இருதயக் குறை உள்ளவர்களுக்கும் கிருமி தொற்றும் அபாயம் உண்டு.

சொத்தைப் பல், ஈறு வீக்கம், தோல் கட்டி, ஆஸ்பத்திரியில் நரம்பில் போட்ட குழாய் என ஏதாவது ஒரு வழியில் கிருமி ரத்தத்தில் கலக்கிறது. வால்வில் வந்து உட்காருகிறது. உறைந்த ரத்தம் அதைச் சுற்றி மூடிக்கொள்ள, பாசி போல ஒரு கட்டி வளர்கிறது.

வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது ஆகியவை அறிகுறிகள். கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியம் கிடைத்தாலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பிழைப்பதில்லை. பலருக்கு ஆபரேஷனும் தேவைப்படுகிறது. பென்சிலின் வருவதற்கு முந்திய காலத்தில் இது வந்தவர்களில் அநேகமாக எல்லோருமே இறந்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊசி மருந்தே ஏன்?

வால்வில் வளரும் கட்டிக்குள் ரத்தக் குழாய் கிடையாது. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் உள்ளே நுழைய முடியாது. கிருமிகள் நெருக்கியடித்துக்கொண்டு தூங்குவது போலக் கிடக்கும். ரத்தத்தில் மருந்து மிக அதிக அளவில், பல நாள் தொடர்ந்து இருந்தால்தான் கட்டியின் நடுப்பகுதி வரை ஊறும்.

ஆரம்ப காலப் பென்சிலினை வாயால் கொடுத்தால் வயிற்று அமிலம் அதைக் கெடுத்துவிடும். ஆகவே ஊசிதான் வழி என்று ஆயிற்று. பிற்காலத்தில் வயிற்றிலிருந்து நன்றாக ரத்தத்தில் சேரும் மாத்திரைகள் பல வந்தன. ஆனால் வியாதி பயங்கரமானதால் பழைய வழக்கத்தை மாற்றிப் பார்க்க டாக்டர்கள் துணியவில்லை.

ஊசியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. கையில் குத்தி வைத்த ஊசிக் குழாய் வழியாகவே புதிய கிருமி நுழைவதுண்டு. நரம்பு வீங்கிக் கல் போல ஆகிவிடும். ஒரு கை முடிந்தால் மறு கை, அதுவும் முடிந்தால் கழுத்து.

என்னோடு வேலை பார்த்த தோழர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் இந்த வியாதியால் ஆறு வாரம் படுத்திருந்தார். நாலாவது வாரமே காய்ச்சல் இல்லை. வார்டு வராந்தாவில் உலாத்திக்கொண்டிருந்தார். ரயில்வே உத்தியோகம் ஆனதால் சம்பளத்துக்குக் குறைவில்லை. பக்கத்துக் கட்டிலில் அதே வியாதியோடு ஒரு கொத்தனார். நம் ஊர்க்காரர்தான். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. சாலில் வாடகை பாக்கி. பதினாறாம் நாள் காலை, டாக்டர் ரவுண்டு வருமுன், சீட்டைக்கூட வாங்காமல் எழுந்து போய்விட்டார். அவரைப் போன்றவர்களுக்கு இந்த மாத்திரைச் சேதி எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

டென்மார்க் சோதனை

டென்மார்க் சுமார் 60 லட்சம் ஜனத்தொகை கொண்ட சிறிய நாடு. அங்கே 2011 முதல் 2017 வரை பல இருதய ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இந்தச் சோதனையை நடத்தின. டாக்டர் காஸ்பர் இவர்சன், டாக்டர் ஹென்னிங் புண்ட்கார்ட் முதலியோர் முன்னின்றார்கள். 2018 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று.

இருதயத்தின் இடப்பக்க வால்வில் கிருமி தொற்றிய 400 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் முதலில் ஊசி மருந்துதான். குறைந்தது 10 நாள் கட்டாயம். பாதிப்பேருக்கு 17 நாளுக்கு மேலேயே ஆயிற்று. நிலைமை சீரான பிறகு, சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 199 பேருக்கு ஊசியே தொடர்ந்தது. 201 பேருக்கு மாத்திரை.

ஆறு மாதம் வரை கவனித்தார்கள். மரணம், திடீர் இருதய ஆபரேஷன், கட்டி உடைந்து வேறு உறுப்பை அடைப்பது, ரத்தத்தில் கிருமி திரும்புவது ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று ஊசிப் பிரிவில் 24 பேருக்கு நேர்ந்தது. மாத்திரைப் பிரிவில் 18 பேருக்கு.

இதை வைத்து ஊசியை விட மாத்திரை உயர்ந்தது என்று சொல்லிவிடக்கூடாது. மாத்திரை குறைந்ததல்ல என்பதைப் பார்க்கத்தான் சோதனை. இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். ஆனால் ஊசிப் பிரிவினர் அதன்பின் 19 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மாத்திரைப் பிரிவினர் 3 நாளில் வீடு திரும்பினார்கள் என்பது தற்செயல் அல்ல. ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோதும் மாத்திரைக்காரர்கள் பின்தங்கவில்லை. ஐரோப்பிய இருதய வைத்தியர் சங்கம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறியில் இந்த முறைக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

சோதனைக்காகப் பரிசீலிக்கப்பட்டவர்கள் 1,954 பேர். சேர்க்கப்பட்டவர்கள் 400 பேர். அதாவது ஐந்தில் ஒருவர்தான். இதை மறக்கக்கூடாது.

கிருமி இன்னதென்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது 10 நாள் ஊசி முடிந்திருக்க வேண்டும். ஆபரேஷன் ஆகியிருந்தால் அதன்பின் 7 நாளாவது ஊசி போட்டிருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். உணவுக் குழாய் வழியாகக் கருவியை இறக்கி எக்கோ எடுத்து, வால்வு ஓரத்தில் சீழ் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வயிறும் குடலும் சரியாக வேலை செய்ய வேண்டும். வாந்தியும் பேதியும் உள்ளவருக்கு மாத்திரை எப்படி உடம்பில் சேரும்?

கொடுத்ததும் ஒரு மாத்திரை அல்ல. வெவ்வேறு விதமாகக் கிருமியைத் தாக்கும் இரண்டு மருந்துகள் சேர்த்துக் கொடுத்தார்கள். அளவும் சாதாரணச் சளிக்குக் கொடுப்பது போல அல்ல. அமாக்சிசிலின் என்றால் வேளைக்கு ஒரு கிராம், நாளைக்கு நான்கு வேளை. வீட்டுக்கு அனுப்பிய பிறகு சும்மா விடவுமில்லை. வாரம் இரண்டு மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மருந்து போதிய அளவு இருக்கிறதா என்றுகூட அளந்தார்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை

இங்கேதான் நமக்குச் சிக்கல். டென்மார்க்கில் இந்தச் சோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது 67. நம் நாட்டில் இந்த வியாதி அதைவிட இளம் வயதிலேயே வருகிறது. சம்பாதிக்கிற வயது. "மாத்திரை கொடுத்துவிட்டார்கள், ஊரில் போய் ஓய்வெடுக்கலாம்" என்று திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுக்கத்தான் முதலில் தோன்றும். இரண்டு இரவு ரயில் பிரயாணம். ஊரில் எக்கோ எடுக்கத் தொலைவில் உள்ள பட்டணத்துக்குப் போக வேண்டும். மாத்திரைக் காலம் முடியும் வரை வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் உத்தமம். போயே தீர வேண்டுமானால், டிஸ்சார்ஜ் கார்டும் எக்கோ ரிப்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். அங்கே எந்த டாக்டரிடம் காட்டுவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, வார்ஃபரின். செயற்கை வால்வு உள்ளவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க இதைச் சாப்பிடுகிறார்கள். வால்வுக் கிருமிக்குத் தரும் மாத்திரைகளில் ரிஃபாம்பிசின் ஒன்று. சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும் மாத்திரை இதுதான். இது வார்ஃபரினின் சக்தியைக் குறைத்துவிடும். செயற்கை வால்வில் ரத்தம் உறைந்தால் கதவு சிக்கிக்கொண்டது போலத்தான். ரத்தப் பரிசோதனையை அடிக்கடி செய்து வார்ஃபரின் அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். கிருமி மாத்திரை முடிந்த பிறகும் மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, காசநோய். ரிஃபாம்பிசின், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் மூன்றும் காசநோய்க்கும் ஆயுதங்கள். உள்ளே காசநோய் இருப்பது தெரியாமல் இவற்றைச் சாப்பிட்டால் அது தற்காலிகமாக மறைந்து, மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆகவே பழைய இருமல், வீட்டில் யாருக்காவது இருந்த காசநோய் எதையும் டாக்டரிடம் மறைக்கக்கூடாது. லினசோலிட் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்த அணுக்கள் குறையலாம். அதற்கும் பரிசோதனை வேண்டும். மாக்சிஃப்ளாக்சசினோடு இரும்புச் சத்து மாத்திரையும் அசிடிட்டி மருந்தும் சேர்த்து விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது.

நான்காவது, தெருமுனை மருந்துக் கடை. வாரக்கணக்கில் காய்ச்சல் அடிக்கும்போது கடைக்காரர் கொடுக்கும் நாலு ஆன்டிபயாட்டிக்கை விழுங்கிவிட்டுப் போனால், ரத்தக் கல்ச்சரில் கிருமி தெரியாமல் போய்விடும். கிருமி இன்னதென்று தெரியாதவருக்கு மாத்திரை முறை கிடைப்பதும் கஷ்டம். அவசரப்பட்டு விழுங்கிய அந்த நாலு மாத்திரையே பிறகு ஆறு வாரப் படுக்கைக்குக் காரணமாகலாம். வால்வுக் கோளாறு உள்ளவர் காய்ச்சல் என்று போனால் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, காய்ச்சல் இல்லையே என்று பாதியில் நிறுத்துவது. காய்ச்சல் போனாலும் கட்டிக்குள் கிருமி உயிரோடு இருக்கும். கடைசி மாத்திரை வரை, குறித்த வேளையில் சாப்பிட வேண்டும். இரவு ஷிஃப்ட்காரர்கள் டிபன் டப்பாவோடு மாத்திரையையும் எடுத்துப் போக வேண்டும். மீண்டும் காய்ச்சல், மூச்சுத் திணறல், கை கால் மரத்துப் போவது, பேச்சுக் குழறுவது இவற்றில் எது கண்டாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது.

பல்லைக் காப்பாற்றினால் வால்வைக் காப்பாற்றலாம். வால்வுக் கோளாறு உள்ளவர்கள் காலையும் இரவும் பல் துலக்கி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களும், முன்பு ஒரு தடவை இந்த வியாதி வந்தவர்களும் பல் பிடுங்குவதற்கு முன் அதைச் சொன்னால் முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

ஊசி வேண்டாம், மாத்திரை தாருங்கள் என்று நாமாகக் கேட்கும் விஷயம் அல்ல இது. ஆனால் இரண்டு வாரம் ஊசி முடிந்து, காய்ச்சல் நின்று, நடமாடும் நிலை வந்த பிறகு, "பாக்கி நாளுக்கு மாத்திரை எனக்குப் பொருந்துமா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை. பாஷை தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய்க் கேட்கலாம். பொருந்தாது என்று அவர் சொன்னால் படுக்கையிலேயே இருங்கள். கூலி போகும், கடன் ஏறும் என்பது உண்மைதான். கடனைப் பிறகு அடைக்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.